தொட்டிக்குப் பின்னால் ஒருமுறை எட்டிப் பாருங்கள்

வீட்டில் மீன் தொட்டி வைத்திருக்கும் உங்கள் எல்லோருக்கும்,

நான் வயர்மேன். வட சென்னையில் இருபத்தெட்டு வருடமாக வீட்டு வயரிங் பார்க்கிறேன். என் வீட்டிலும் மூன்றடித் தொட்டி ஒன்று உண்டு. நான்கு ஏஞ்சல், கண்ணாடியை நக்கிக்கொண்டே வயசாகிப்போன ஒரு சக்கர் மீன். அதனால் உங்களைத் திட்ட எனக்குப் பாதி உரிமைதான் இருக்கிறது. அந்தப் பாதியை இந்த மடலில் மிச்சம் வைக்காமல் செலவழிக்கப் போகிறேன்.

போன கார்த்திகையில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். மழை விடாமல் அடித்த வாரம். இரவு பத்தரை மணிக்கு ஒரு தம்பி கூப்பிட்டார். ஹாலில் ஃபேன் நின்று நின்று சுற்றுகிறது, டியூப்லைட் கண் சிமிட்டுகிறது, காலையில் வர முடியுமா என்றார். குரலில் அவசரமே இல்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை, நனைந்துகொண்டே போனேன். கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்தது கருவாட்டு நெடி.

அவருடைய அம்மா வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். "மூணு நாளா இந்த நாத்தம்தான் தம்பி. மீனு ஏதோ செத்து உள்ள கிடக்குதுன்னு இவன் கல்லையெல்லாம் கிளறிப் பாத்துட்டான். ரெண்டு தடவை தண்ணிய வேற மாத்திட்டான். போகல."

மூன்று தொட்டிகளையும் பார்த்தேன். பளிங்கு மாதிரி தண்ணீர். டிஸ்கஸ் எல்லாம் தட்டு தட்டாக, ஆரோக்கியமாக நின்றன. தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி. அதில் டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் நாற்றத்தின் மூலம் தெரிந்தது. சுவரில் இருந்த பிளக் பாயிண்ட்டில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் சொருகியிருந்தது. அந்தப் பாக்ஸிலிருந்து இன்னொரு பாக்ஸ். முதல் பிளக் முறுகிய தோசை நிறத்துக்கு வந்திருந்தது. மெயினை அணைத்துவிட்டுப் பிடுங்கினேன். பிளக்கோடு சாக்கெட்டுக்குள் இருந்த பித்தளைத் தகடும் பிய்ந்து வந்தது. ஒரு பின்னில் பச்சையாகக் களிம்பு, இன்னொன்று அடுப்புக்கரி.

சுவிட்ச், பிளக் செய்கிற சில வகைப் பிளாஸ்டிக் அளவுக்கு மீறிச் சூடானால் மீன் கவிச்சி மாதிரியே வாடை அடிக்கும். எங்கள் தொழிலில் இருப்பவனுக்கு மூக்கே சொல்லிவிடும். மீன் தொட்டி இல்லாத வீடாக இருந்தால் முதல் நாளே "இங்கே எங்கிருந்து மீன் நாற்றம்" என்று தேடியிருப்பார்கள். உங்கள் வீட்டில் பழி தொட்டி மேல் விழுகிறது. மூன்று நாள் அந்தப் பிளக் கருகிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தத் தம்பி தண்ணீரை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

இதை விடவும் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அவர் கேட்ட கேள்விதான். படித்த பிள்ளை. ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். மூன்று தொட்டி, மூன்று ஹீட்டர், தலா 300 வாட். இரண்டு கேனிஸ்டர், லைட், யு.வி., பவர் ஹெட் எல்லாம் சேர்ந்து இன்னொரு 250. மொத்தம் 1,150 வாட். 230 வோல்ட்டால் வகுத்தால் 5 ஆம்பியர். "பாயிண்ட் 6 ஆம்பியர்ணா. எம்.சி.பி. 16. எல்லாம் அளவுக்குள்ளதானே இருக்கு? எம்.சி.பி. விழவே இல்லையே?"

அவருடைய கணக்கில் ஒரு பிழையும் இல்லை. உங்களில் கவனமானவர்கள் எல்லோரும் இதே கணக்கைத்தான் போட்டு வைத்திருக்கிறீர்கள். கவனமில்லாதவர்களுக்கு எழுதினால் படிக்க மாட்டார்கள். உங்களுக்குத்தான் எழுத வேண்டியிருக்கிறது. நீங்கள் வாட்டை எண்ணுகிறீர்கள். நான் உங்கள் வீட்டுக்கு வந்தால் இணைப்புகளை எண்ணுவேன்.

சுவர் சாக்கெட்டில் பிளக் நன்றாக இறுகி உட்கார்ந்தால் கரண்ட் ஓடுவதற்கு அங்கே தடை என்று சொல்லும்படி ஒன்றும் இருக்காது. அதே பிளக் லொடலொடவென்று ஆடினால், அல்லது பின்னில் களிம்பு ஏறினால், தடை கூடிக்கொண்டே போகும். ஒரு ஓம் தடை அந்த இடத்தில் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 ஆம்பியரை 5 ஆம்பியரால் பெருக்கி, ஒன்றால் பெருக்கினால் 25 வாட். ரிச்சி தெருவில் ரேடியோ ரிப்பேர்காரர் கையில் ஈயத்தை உருக்குகிற சால்டரிங் அயர்ன் இருக்கிறதே, அதுவும் பெரும்பாலும் 25 வாட்தான். ஒரு சால்டரிங் அயர்னைப் பற்றவைத்து உங்கள் சோபாவுக்கும் தொட்டிக்கும் நடுவில் சொருகிவிட்டுத் தூங்கப் போகிறீர்கள். சூடு ஏற ஏறத் தகடு தளரும். தளரத் தளர இன்னும் சூடு ஏறும்.

எம்.சி.பி. ஏன் விழவில்லை? அதற்குத் தெரிவது ஒன்றே ஒன்று: மொத்தம் எத்தனை ஆம்பியர் போகிறது. 5 போகிறது, தன் அளவு 16, சரி என்று அது பேசாமல் இருக்கும். பிளக் எரிவது அதற்குத் தெரியவே தெரியாது. அளவு மீறினாலும் அது உடனே விழுந்துவிடும் என்று நினைக்காதீர்கள். 16 ஆம்பியர் எம்.சி.பி.யில் 18 ஆம்பியர் போனாலும் ஒரு மணி நேரம் வரை அது விழக் கூடாது. 23 ஆம்பியர் அளவுக்குப் போனால்தான் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். அதைத் தயாரிப்பதற்கான தர விதியே அப்படி. வயரைக் காப்பாற்றத்தான் அதை வைத்தார்கள். நீங்கள் கடையில் வாங்கிய ஜங்ஷன் பாக்ஸின் தலையெழுத்து அதன் பொறுப்பில் இல்லை.

இங்கே என் தொழில்காரர்களையும் விட்டுவைக்க முடியாது. பழைய வீட்டில் ஹால் லைனுக்கு 6 அல்லது 10 ஆம்பியர் எம்.சி.பி.தான் போட்டிருப்பார்கள், உள்ளே ஓடுவது ஒரு ஸ்கொயர், ஒன்றரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர் என்பதால். தொட்டி வந்தபிறகு, ஞாயிற்றுக்கிழமை அதே போர்டில் அயர்ன் பாக்ஸையும் சொருகினால் அது விழும். "அடிக்கடி விழுதுப்பா" என்று நீங்கள் சொல்வீர்கள். வருகிறவர் ஐந்து நிமிடத்தில் அதைக் கழற்றி 20 ஆம்பியரோ 32 ஆம்பியரோ மாட்டிவிட்டு, இருநூறு ரூபாயும் ஒரு டீயும் வாங்கிக்கொண்டு போய்விடுவார். அப்புறம் அது விழாது. வயர் சுவருக்குள் வெந்தாலும் விழாது. பீஸ் கட்டை இருந்த காலத்தில் பத்து நார்க் கம்பியை முறுக்கி வைத்தோமே, அதே வேலைதான். பெட்டி மட்டும் புதுசு.

இன்னொன்றும் உங்களுக்குப் புரிய வேண்டும். மிக்சி 500, 750 வாட் இழுக்கும். ஆனால் ஐந்து நிமிடம். அயர்ன் பாக்ஸ் அரை மணி நேரம். சாக்கெட் சூடாகும், ஆறும். தொட்டிக்கு அந்த ஓய்வே கிடையாது. மார்கழிப் பனியில் டிஸ்கஸுக்கு 28, 30 டிகிரி வேண்டும் என்று ஹீட்டர் ராத்திரி முழுக்க எரியும். சித்திரையில் சில்லர் வைத்திருப்பவர்கள் வீட்டில் அது ஓடும். சராசரியாக 70 வாட் இழுக்கும் ஒரு நடுத்தரத் தொட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். இருபத்துநான்கு மணி நேரம், அறுபது நாள். 100 யூனிட் ஆகிறது. இரண்டு மாதத்துக்கு நமக்குக் கிடைக்கிற இலவச யூனிட்டில் நூறை உங்கள் மீனே குடித்துவிடுகிறது. (இ.பி. பில்லைப் பார்த்து வீட்டில் சண்டை வந்தால் என் பெயரை இழுக்காதீர்கள்.) பில் கிடக்கட்டும். ஓய்வில்லாத சுமை சின்னதாக இருந்தாலும் அதற்குக் கொடுக்க வேண்டிய மரியாதை வேறு.

அந்த மரியாதையை நீங்கள் கொடுக்கிற லட்சணம் எனக்குத் தெரியும். மீனுக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்வீர்கள். அரோவானா வாங்கப் பேரம் பேசாமல் பணம் எண்ணிக் கொடுத்தவரை நான் பார்த்திருக்கிறேன். கொளத்தூரில் கடை கடையாக ஏறி இறங்கி, டிரிஃப்ட்வுட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, முகர்ந்து பார்த்து வாங்குவீர்கள். பி.எச். பார்க்கக் கிட், அம்மோனியா பார்க்கக் கிட். கடைசியில் இத்தனைக்கும் உயிர் கொடுக்கிற கரண்ட்டுக்கு, நடைபாதைக் கடையில் நூற்றைம்பது ரூபாய் ஜங்ஷன் பாக்ஸ். அதை ஒருநாள் திறந்து காட்டுகிறேன், வாருங்கள். தலைமுடி மாதிரி நாலு நார் கொண்ட ஒயர். பிஸ்கட் டப்பா மூடியை வெட்டியது போல மெல்லிய தகடு. ஈயம் வைக்காமல் முறுக்கி விட்ட முனை. மேலே மட்டும் கொட்டை எழுத்தில் பத்து ஆம்பியர் என்று போட்டிருக்கும்.

நீங்கள் வாங்கும் சாமான்களோ முக்கால்வாசி சீனாவிலிருந்து வருகின்றன. தட்டைப் பின், சாய்ந்த பின், ரெண்டு பின். நம் ஊர் சாக்கெட்டில் இறுகி உட்காராது. எல்லா நாட்டுப் பின்னும் போகும் என்று ஒரு அடாப்டர் விற்கிறார்களே, எல்லாமே போகிறது என்றால் எதையும் இறுக்கிப் பிடிக்காது என்று அர்த்தம். ஆக, தளர்ந்த அடாப்டர், அது சொருகிய தளர்ந்த பாக்ஸ், அந்தப் பாக்ஸ் சொருகிய தளர்ந்த பாயிண்ட். மூன்று இடத்தில் மூன்று சால்டரிங் அயர்ன். பின்னால் தண்ணீர்.

தண்ணீர் என்றதும் என் கதையையும் சொல்லியாக வேண்டும். எனக்கே அடித்தது. ஏழெட்டு வருடம் இருக்கும். வெறுங்காலோடு, ஈர மொசைக் தரையில் நின்றுகொண்டு தொட்டிக்குள் முழங்கை வரை விட்டேன். தோள் வரை யாரோ பிடித்து உலுக்கின மாதிரி. கையை இழுத்துக்கொள்ள முடிந்தது. இன்றைக்கு இதை எழுதுகிறேன். ஹீட்டரின் கண்ணாடிக் குழாயில் முடி அளவு கீறல். அப்போது மீன்கள் என்ன செய்துகொண்டிருந்தன தெரியுமா? சாவகாசமாக நீந்திக்கொண்டிருந்தன.

"மீனுக்கு ஒண்ணும் ஆகலையே, தண்ணில கரண்ட் இருந்தா அது செத்திருக்குமே" என்று இன்றும் உங்களில் பாதிப்பேர் என்னிடம் சொல்கிறீர்கள். கரண்ட் கம்பியில் காக்கா உட்கார்ந்திருக்கிறதே, அது செத்தா போகிறது? கம்பியைத் தவிர வேறெதையும் அது தொடவில்லை. கரண்ட் அதன் வழியாகப் பூமிக்கு இறங்க வழியில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் மீனும் அப்படித்தான். வழியைக் கொண்டுபோய்க் கொடுப்பது உங்கள் கை. ஈரத் தரையில் நிற்கிற உங்கள் கால்.

ஹீட்டர் உடைவதற்கு அது மட்டமான சரக்காக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. தண்ணீர் மாற்றும்போது அணைக்க மறந்துவிடுவீர்கள். தண்ணீர் இறங்க, ஹீட்டர் காற்றில் நின்று பழுக்கும். அது தெரியாமல் பக்கெட் தண்ணீரை ஊற்றுவீர்கள். சூடான லாந்தர் சிம்னியில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று உங்கள் பாட்டியைக் கேளுங்கள். ஃபிளவர்ஹார்ன், ஆஸ்கர் வளர்ப்பவர்களுக்கு வேறு தொல்லை. ஹீட்டரை எதிரி என்று நினைத்து மீன் முட்டியே உடைத்துவிடும்.

அடுத்தது ஏர் மோட்டார். பத்து வாட் கூட இழுக்காத அப்பிராணி. அதைத் தொட்டிக்குக் கீழே ஸ்டாண்டில் வைத்திருப்பீர்கள். கரண்ட் போனதும் காற்று நிற்கும். தொட்டித் தண்ணீர் அந்த ட்யூப் வழியாகவே கீழே இறங்கி, மோட்டாருக்குள் நுழைந்து, அதன் ஒயர் வழியாகவே வழிந்து ஜங்ஷன் பாக்ஸில் சொட்டும். கரண்ட் வந்ததும் மிச்சக் கதை. இதைத் தடுக்க ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போதும். டீ, வடை செலவுதான். ட்யூபில் சொருக வேண்டும், அவ்வளவே. நான் போகும் வீடுகளில் பாதியில் அது இருப்பதில்லை.

இனி உங்களோடு எனக்கு இருக்கும் பெரிய வழக்குக்கு வருகிறேன். ஆர்.சி.சி.பி.

போகிற கரண்ட்டும் நியூட்ரலில் திரும்பி வருகிற கரண்ட்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிற சாதனம் அது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அதாவது எங்கோ ஒழுகிப் பூமிக்கோ மனிதன் வழியாகவோ போகிறது என்றால், கண் இமைக்கும் நேரத்தில் வெட்டிவிடும். 10 மில்லி ஆம்பியர் தாண்டினாலே பிடித்த பொருளைக் கை விட முடியாமல் போகலாம். 30 தாண்டினால் இதயத்துக்கு ஆபத்து ஆரம்பம். உங்கள் 300 வாட் ஹீட்டர் இழுப்பதில் நாற்பதில் ஒரு பங்கு இது. இவ்வளவு சின்ன கரண்ட் 16 ஆம்பியர் எம்.சி.பி.யின் கண்ணுக்கு எங்கே தெரியப் போகிறது? தமிழ்நாட்டில் மின்சார ஒழுங்குமுறை ஆணையமே இந்தப் பாதுகாப்பு வீடுகளில் கட்டாயம் இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. அப்படியும் நான் சொன்னால் நீங்கள் கையெடுத்துக் கும்பிடுகிறீர்கள். "வேணாம்ணா. ஊருக்குப் போன நேரத்துல அது விழுந்துட்டா ஃபில்டர் நின்னு மீனெல்லாம் போயிடும்."

உங்கள் பயம் பொய் என்று சொல்ல மாட்டேன். நெருக்கமாக மீன் விட்ட தொட்டியில் காற்றும் ஃபில்டரும் நின்றால் சில மணி நேரத்தில் மேலே வந்து வாயைத் திறக்கும். கேனிஸ்டருக்குள் நல்லது செய்கிற பாக்டீரியா மூச்சு முட்டிச் செத்து, கரண்ட் வந்ததும் அழுகல் தண்ணீரைத் தொட்டியில் கொட்டும். எனக்கும் போயிருக்கின்றன. ஆனால் ஒன்றைச் சொல்லுங்கள். அது எதற்காக விழுகிறது? ஒன்று, எங்கோ உண்மையாகவே ஒழுகுகிறது. விழுந்ததற்கு அதற்கு நன்றி சொல்ல வேண்டும். இரண்டு, உங்கள் வீட்டு நியூட்ரல் கலந்திருக்கிறது.

இந்த இரண்டாவது காரணத்தில்தான் என் பாவமும் இருக்கிறது. பழைய வீடுகளில் இன்வெர்ட்டர் மாட்டும்போது ஒரு ரூம் நியூட்ரலை இன்னொரு ரூமோடு முடிச்சுப் போட்டு வைத்திருப்பார்கள். போனது ஒரு வழி, வந்தது வேறு வழி. ஆர்.சி.சி.பி.க்குக் கணக்கு இடிக்கும், விழுந்துகொண்டே இருக்கும். நியூட்ரலைப் பிரிக்க ஒரு முழு நாள் வேலை. ஆர்.சி.சி.பி.யைக் கழற்றி எறிய ஐந்து நிமிடம். பதினைந்து வருடத்துக்கு முன்னால் ஒரு வீட்டில், நல்ல மனிதர், வாசலில் பெரிய கோய் தொட்டி, தினமும் விழுகிறது என்று புலம்பினார். கழற்றிவிட்டு நேர் ஒயர் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் சந்தோஷமாக அனுப்பி வைத்தார். எனக்கு அடித்த அன்றைக்கு முதலில் அந்த வீடுதான் ஞாபகம் வந்தது. மறுநாளே போனேன். வீட்டை விற்றுவிட்டுப் போயிருந்தார்கள். புதிதாக வந்தவர்கள் தொட்டியை மூடித் துளசிமாடம் வைத்திருந்தார்கள். என்ன நிம்மதி என்று சொல்லத் தெரியவில்லை.

அதனால் மீனைக் காட்டி என்னிடம் பேரம் பேசாதீர்கள். இரண்டுக்கும் வழி இருக்கிறது. வீடு முழுக்க ஒரே ஆர்.சி.சி.பி.யில் தொங்கவிடாமல், தொட்டிக்கென்று தனியாக 30 மில்லி ஆம்பியரில் ஒன்று வையுங்கள். ஃப்ரிட்ஜோ வாஷிங் மெஷினோ ஒழுகினால் உங்கள் மீனுக்கு ஒன்றும் ஆகாது. இரண்டாயிரம் ரூபாய் அளவில் முடியும். நல்ல ஹீட்டர் ஒன்றின் விலைதான். கூடவே, கரண்ட் போனதும் தானே ஓடுகிற பேட்டரி ஏர் மோட்டார் ஒன்று. ஹீட்டரை இன்வெர்ட்டரில் மாட்டி பேட்டரியைக் காலி செய்வதை விட்டுவிடுங்கள். தண்ணீர் ஒரு ராத்திரியில் அவ்வளவு ஆறிவிடாது, மீனுக்கு முதலில் வேண்டியது காற்று. ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் சாவி கொடுத்து வைப்பது போல, இதையும் யாரிடமாவது சொல்லி வைத்துவிட்டுப் போங்கள்.

ஒன்று நினைவிருக்கட்டும்: ஆர்.சி.சி.பி. ஒழுகலைப் பார்க்கும், எம்.சி.பி. மொத்தச் சுமையைப் பார்க்கும், தளர்ந்து கருகும் பிளக்கை இரண்டும் பார்க்காது. அதற்கு உங்கள் மூக்கும் விரலும்தான்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய விஷயமில்லை.

புதிதாகத் தொட்டி வாங்கப் போகிறவர்கள், கண்ணாடியை இறக்குவதற்கு முன்னால் என்னை மாதிரி ஒருவரைக் கூப்பிடுங்கள். நாலடிக்கு ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடித் தொட்டியில் 255 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். தண்ணீர் மட்டும் கால் டன். கண்ணாடி, கல், ஸ்டாண்ட் வேறு. வைத்த பிறகு அதை யாரும் நகர்த்தப் போவதில்லை. பின்னால் மாட்டிக்கொண்ட பிளக் பாயிண்ட்டை நீங்கள் இந்த ஜென்மத்தில் பார்க்கப் போவதும் இல்லை. பாயிண்ட் தொட்டிக்குப் பக்கவாட்டில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே, கை எட்டும் இடத்தில் வரட்டும். மெயின் போர்டிலிருந்து இரண்டரை ஸ்கொயரில் தனி லைன், எர்த்தோடு. கேசிங் பட்டியில் வெளியே ஓட்டினால் அரை நாள் வேலை. சுவரை உடைக்க வேண்டாம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதையே வீட்டுக்காரரிடம் காட்டிச் சம்மதம் கேளுங்கள். வீடு எரியாமல் இருப்பதில் உங்களை விட அவருக்கு அக்கறை அதிகம்.

ஏற்கெனவே தொட்டி வைத்திருப்பவர்கள் அந்த ஜங்ஷன் பாக்ஸ் சங்கிலியை அறுங்கள். பாக்ஸ் இல்லாமல் முடியாது என்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள, கனமான ஒயர் கொண்ட ஒன்றே ஒன்று. அது தரையிலோ தொட்டியின் அடியிலோ கிடக்கக் கூடாது, பக்கச் சுவரில் ஆணி அடித்து உயரத்தில் மாட்டுங்கள். ஹீட்டர்கள் எல்லாவற்றையும் ஒரே பாக்ஸில் குவிக்காமல் ஆளுக்கொரு சுவர்ப் பாயிண்ட்டில் பிரித்து மாட்டுங்கள். ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்கு வருமுன் ஊஞ்சல் கயிறு மாதிரி ஒருமுறை கீழே தொங்கி மேலே ஏறட்டும். வழிகிற தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், சாக்கெட்டுக்குப் போகாது. கடல் மீன் வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை பிளக்குகளில் உப்பு பூத்திருக்கிறதா என்று பார்த்துத் துடைக்க வேண்டும். உப்பு தானே ஏறி வரும். ஈரம் சேர்ந்தால் அதுவும் ஒரு ஒயர்தான்.

எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று கூப்பிட்டால், வருகிறவரைப் "பெருசா மாத்திடுங்க" என்று சொல்லாதீர்கள். ஏன் விழுகிறது என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் பெருசு மாட்டுகிறவருக்குக் காசு கொடுக்காதீர்கள். என் சங்கத்துக்காரர்கள் இதைப் படித்தால் என்னைத் திட்டுவார்கள், திட்டட்டும்.

கடைசியாக, இந்த ஞாயிற்றுக்கிழமை. எப்படியும் தண்ணீர் மாற்றப் போகிறீர்கள். டியூபையும் பக்கெட்டையும் எடுப்பதற்கு முன்னால் தொட்டியின் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு, பிளக்கையும் பிடுங்குங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது; பழைய வீடுகளில் சுவிட்சை நியூட்ரலில் கொடுத்து வைத்திருப்பார்கள், அணைத்தாலும் ஹீட்டரில் ஃபேஸ் உட்கார்ந்திருக்கும். ஹீட்டர் ஆறுவதற்குக் கால் மணி நேரம் விடுங்கள். அந்தக் கால் மணி நேரத்தில் ஒவ்வொரு பிளக்காகக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பின்களைப் பாருங்கள். பித்தளை பளபளவென்று இருந்தால் நல்லது. பச்சை பூத்திருந்தால், கறுத்திருந்தால், பிளாஸ்டிக் நிறம் மாறியிருந்தால், முகர்ந்தால் அந்தக் கருவாட்டு வாடை லேசாக வந்தால், அந்தப் பிளக்கையும் அது இருந்த சாக்கெட்டையும் மாற்றுகிற வரை திரும்பச் சொருகாதீர்கள். ஹீட்டர் இரண்டு நாள் இல்லாவிட்டால் பரவாயில்லை. தொட்டிக்கு ஒரு பழைய கம்பளியைப் போர்த்தி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்களைப் போலவே மீன் வளர்க்கும்
ஒரு வயர்மேன்